இனங்காணலும் அடையாளமும்: எலும்பு வாசிப்பு குறித்துச் சில குறிப்புகள்

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பத்திரிகை 'சடலம் அடையாளம் காணப்பட்டது' என்று எழுதும். யாழ்ப்பாணத்துப் பத்திரிகை 'சடலம் இனங்காணப்பட்டது' என்றும் எழுதும். இரண்டையும் ஒரே பொருளில் வாசித்துவிட்டுப் போகிறோம். சொற்களைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகிறவை என்று தெரியும். இனங்காணல் ஒன்றை அதன் இனத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பலவற்றுள் ஒன்றாக்குவது. அடையாளம் என்பது கூட்டத்திலிருந்து ஒன்றைத் தனியே பிரித்துக் காட்டுகிற குறி. முன்னது வகைக்குள் தள்ளுகிறது, பின்னது வகையிலிருந்து வெளியே இழுக்கிறது. மண்ணிலிருந்து எடுத்த எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு 'இது யார்?' என்று கேட்கிற தடயவியல் மானிடவியலின் வரலாறு முழுக்க இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவிலேயே நடந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

துப்பறியும் தொடர்களைப் பார்த்துப் பார்த்து நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது: எலும்பு பேசும். நிபுணர் மண்டையோட்டைக் கையில் எடுத்து அரைநிமிஷம் திருப்பிப் பார்ப்பார். 'பெண், இருபத்தெட்டு வயசு' என்பார். இந்தத் துறையின் பெரிய ஆளான க்ளைட் ஸ்நோவே எலும்பு பொய் சொல்லாத, மறக்காத சாட்சி என்கிற அர்த்தத்தில் பேசியிருக்கிறார். மேடைக்கு அது நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எலும்பு ஒரு பிரதி என்றால் வாசிக்க ஆளும் வேண்டும், அகராதியும் வேண்டும். அந்த அகராதியை யார், யாருடைய உடம்பிலிருந்து தொகுத்தார்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டு எலும்பின் சாட்சியத்தைப் பற்றிப் பேச முடியாது.

1849 நவம்பரில் பாஸ்டனில் ஜார்ஜ் பார்க்மன் என்கிற பெரும் பணக்காரர் காணாமல் போனார். அவரிடம் கடன் வாங்கியிருந்த ஜான் வெப்ஸ்டர் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். அவருடைய ஆய்வுக்கூடத்துக்குக் கீழே உடல் துண்டுகளும், உலைக்குள் கருகிய எலும்புகளும் கிடைத்தன. அதே கல்லூரியின் உடற்கூறியல் பேராசிரியர்கள் கூண்டில் ஏறி, துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் இன்ன உயரமுள்ள, வயசான ஓர் ஆண், பார்க்மனுக்கு முரணாக எதுவும் இல்லை என்றார்கள். அது இனங்காணல். பெயரைக் கொடுத்தவர் பல் மருத்துவர் நேதன் கீப். பார்க்மனுக்குப் பொய்ப்பல் கட்டியபோது எடுத்த அச்சு அவரிடம் பத்திரமாக இருந்தது. உலையில் கிடந்த பல் அதில் போய்ப் பொருந்தியது. வெப்ஸ்டரை 1850-இல் தூக்கிலிட்டார்கள். பார்க்மனுக்குப் பதில் துறைமுகத்துக் கூலிக்காரர் ஒருவர் அந்த உலையில் எரிந்திருந்தால் விசயம் 'ஆண், வயசானவர்' என்பதோடு நின்றிருக்கும். பல் அச்சு வைத்திருக்க வசதி வேண்டுமே.

சரி, எலும்பில் என்னதான் தெரிகிறது? பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300 எலும்புத் துண்டுகள். வளர வளர ஒன்றோடொன்று கூடி, பெரியவர்களுக்கு 206 ஆகிவிடுகிறது. நீண்ட எலும்புகளின் முனைகள் முதலில் தனித் துண்டாக இருந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயசில் தண்டோடு ஒட்டும். கழுத்தடியில் மார்பெலும்பைத் தொடுகிற காறை எலும்பின் உள்முனைதான் கடைசி. இருபதுகளின் முடிவு வரைகூட அது முழுசாக ஒட்டாமல் இருக்கும். இதை வைத்து இளம் வயசில் செத்தவரின் வயசை ஓரளவு நெருங்கிச் சொல்லிவிடலாம். குழந்தையாக இருந்தால் பல் உருவாகி முளைக்கும் வரிசை இன்னும் துல்லியம். முப்பதைத் தாண்டிவிட்டால் வளர்ச்சி கைகொடுக்காது. தேய்மானத்தைத்தான் நம்ப வேண்டும். இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் முன்னால் வந்து சந்திக்கிற முகம் வாலிபத்தில் உழுத வயல் மாதிரி வரிவரியாக மேடுபள்ளமாக இருக்கும். வயசாக ஆக மட்டமாகி, விளிம்பு கட்டி, பிறகு அரித்துப்போகும். ஆணா பெண்ணா என்பதற்கும் இடுப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பிரசவ வழிக்காகப் பெண்ணின் இடுப்பு அகலம். முன்னெலும்புகள் சேர்ந்து கீழே உண்டாக்குகிற கோணம் ஆணுக்குக் குறுகல், பெண்ணுக்கு விரிவு. 1969-இல் ஃபெனிஸ் என்பவர் அந்த முன்னெலும்பில் மூன்றே மூன்று அம்சங்களைப் பார்த்து 100-க்கு 95-க்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்றார். வயசுக்கு வராத பிள்ளையின் எலும்பில் ஆண் பெண் சொல்வது ஏறக்குறைய நடக்காத காரியம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடுப்பு முகத்தின் மாற்றங்களைப் பத்துப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் வயசு போட்டவர் தாமஸ் விங்கேட் டாட். 1920-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை 306 வெள்ளை ஆண்களின் எலும்பை வைத்து எழுதப்பட்டது. க்ளீவ்லண்டில் அவர் காலத்தில் சேர்ந்த எலும்புக்கூடுகள் 3,000-க்கு மேல். செயின்ட் லூயிஸில் ராபர்ட் டெரியும் அவருக்குப் பின் மில்ட்ரெட் ட்ராட்டரும் சேர்த்தவை 1,728. அவை 1967-இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியனுக்குப் போயின. ஃபெனிஸ் மூன்று அம்சங்களைக் கண்டதும் இந்த டெரி தொகுப்பில்தான். இந்த இரண்டு தொகுப்புகள் இல்லாமல் இருபதாம் நூற்றாண்டில் இந்தத் துறையே இல்லை என்று சொன்னால் மிகையாகாது.

யாருடைய எலும்புகள் இவை? உரிமை கோரி யாரும் வராத உடல்களை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம் என்று அங்கே மாநிலச் சட்டங்கள் இருந்தன. தர்ம ஆஸ்பத்திரியிலும் அநாதை விடுதியிலும் செத்தவர்கள் அப்படிப் போய்ச்சேர்ந்தார்கள். மாணவர்கள் அறுத்துப் படித்து முடித்தபின் எலும்பைச் சுத்தம் பண்ணி, எண் போட்டு, இழுப்பறையில் அடுக்கினார்கள். பெரும்பாலானவர்கள் ஏழைகள்: தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பர்கள், ஐரோப்பாவிலிருந்து வந்து கூலிவேலை பார்த்த குடியேறிகள். அவர்களுடைய வயசு என்று எழுதியிருப்பதே பல இடங்களில் ஆஸ்பத்திரி குமாஸ்தா உத்தேசமாகப் போட்டது. ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிகிற வயசுகள் சந்தேகம் வருகிற அளவுக்கு அதிகம். ஆக, பெயர் தெரியாத எலும்புக்குப் பெயர் தேடுகிற அறிவியலின் அளவுகோல், பெயர் சொல்லி அழைக்க யாரும் வராதவர்களின் உடம்பில் செதுக்கப்பட்டிருக்கிறது. உரிமை கோர ஆளில்லாமை ஒரு சமூக நிலை. அது அட்டவணைக்குள் போனதும் இயற்கையாகிவிட்டது. ஃபூக்கோ வந்துதான் இதை நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவமனைப் பிணவறை வாசலில் ஒருநாள் நின்றவர்களுக்குத் தெரியும்.

நாம் வெளியே நின்று அமெரிக்காவைக் குறைசொல்கிற விசயமும் இல்லை இது. 1985-இல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை பண்ணும் வரைக்கும் மேற்கு நாடுகளின் மருத்துவ மாணவர்கள் தொட்டுத் தடவிப் படித்த எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி கல்கத்தாவிலிருந்து கப்பலேறியது. ஆற்றங்கரையிலும் சுடுகாட்டிலும் இடுகாட்டிலும் எடுத்தவை. இடது எது, வலது எது, முன் எது, பின் எது என்று ஒரு தலைமுறையின் விரல்கள் கற்றுக்கொண்டது நம்முடைய ஏழைகளின் எலும்பில்.

உயரக் கணக்குக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ட்ராட்டர் ஹவாய்த் தீவிலிருந்த ராணுவ ஆய்வகத்துக்குப் போய், பசிபிக் போரில் செத்த சிப்பாய்களின் எலும்புகளை அடையாளம் காணும் வேலையில் சேர்ந்தார். பட்டாளத்தில் சேரும்போது எடுத்த உயரம் ஆவணத்தில் இருக்கிறது, எலும்பு மேசையில் இருக்கிறது. இரண்டையும் பொருத்தி, டெரி தொகுப்பையும் சேர்த்து, 1952-இல் கோல்டீன் க்ளேசருடன் சூத்திரங்கள் வெளியிட்டார். வெள்ளை ஆணுக்குத் தொடை எலும்பின் நீளத்தை 2.38-ஆல் பெருக்கி 61.41 கூட்டு. கறுப்பு ஆணுக்கு 2.11-ஆல் பெருக்கி 70.35 கூட்டு. 45 செ.மீ. தொடை எலும்பு ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 168.5 செ.மீ., இரண்டாவதில் 165.3. ஒரே எலும்பு, இனம் இன்னதென்று முதலில் முடிவுபண்ணினால்தான் ஆளின் உயரம் வரும். போதாக்குறைக்கு, கீழ்க்கால் எலும்பை அளந்ததில் ட்ராட்டர் தான் எழுதிய முறைப்படி அளக்கவில்லை, கணுக்கால் புடைப்பை விட்டுவிட்டு அளந்திருக்கிறார் என்று 1990-களின் நடுவில் கண்டுபிடித்தார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எலும்பு குறைகிறது. உயரத்தில் இரண்டரை மூன்று சென்டிமீட்டர் தவறுகிறது. நாற்பது வருஷமாக உலகமெங்கும் அந்த எண்களை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். வங்காளத்திலும் பஞ்சாபிலும் உள்ளூர் உடல்களை அளந்து சூத்திரம் போட்ட முயற்சிகள் 1920-களிலிருந்தே உண்டு. ஆனாலும் பாடப்புத்தகத்தில் கை முதலில் போகிற இடம் ட்ராட்டர்.

எலும்பை அளக்கிற கருவி பெயர் தேடுவதற்காகப் பிறந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பிலடெல்பியாவில் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளில் விதைகளை நிரப்பி, எந்த இனத்துக்கு எவ்வளவு மூளை என்று கணக்கெழுதி 1839-இல் புத்தகம் போட்டார். ஸ்டீபன் ஜே கூல்ட் 1981-இல் அதைப் போட்டு உடைத்ததும், 2011-இல் வேறு சிலர் திரும்ப அளந்து மார்ட்டனின் அளவுகள் பெரும்பாலும் சரிதான் என்று சொன்னதும் தெரிந்த கதை. என் வரையில் அந்தச் சண்டையில் பெரிய சாரம் இல்லை. அளவு சரியாக இருந்தும் அளக்கக் கேட்ட கேள்வி அயோக்கியத்தனமாக இருக்க முடியும். நம் ஊரில் ரிஸ்லியின் மூக்குக் கணக்கு, சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டனின் அளவைக் கருவிகள். அருங்காட்சியகம் பார்க்க வந்தவர்களையும் விடாமல் பிடித்து அளந்தவர் தர்ஸ்டன்; சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-இல் வந்தன. இதே ஆசை ஆதிச்சநல்லூர்த் தாழி மண்டையோடுகளையும் விடவில்லை. இவையெல்லாம் முழுக்க முழுக்க இனங்காணல். ஒரு மனிதரின் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

அமெரிக்கத் தடயவியலாளர் நார்மன் சாவர் 1992-இல் ஒரு கட்டுரைக்கு வைத்த தலைப்பே கேள்விதான்: இனம் என்று ஒன்று இல்லையென்றால் அதைக் கண்டுபிடிப்பதில் நாம் எப்படி இவ்வளவு கெட்டிக்காரர்களாக இருக்கிறோம்? அவர் சொன்ன பதில், காணாமல் போனவர் பட்டியலில் போலீஸ்காரர் எந்தக் கட்டத்தில் பெயரை எழுதியிருப்பாரோ அதையே நாம் எலும்பிலிருந்து ஊகிக்கிறோம் என்பது மாதிரி. நேர்மையான பதில். கோப்பில் கட்டம் இருக்கிறது, ஆகவே எலும்பிலும் கட்டம்.

இந்த வரலாற்றின் இரண்டு முனையும் ஓரிடத்தில் முட்டிக்கொண்டது 1985 ஜூனில், பிரேசிலின் எம்பு கல்லறையில். வேறு பெயரில் புதைத்திருந்த ஒரு எலும்புக்கூட்டைத் தோண்டினார்கள். ஆஷ்விட்ஸ் முகாம் மருத்துவன் யோசெஃப் மெங்கலே அது என்று சந்தேகம். 1935-இல் ம்யூனிக்கில் மெங்கலே வாங்கிய மானிடவியல் டாக்டர் பட்டம் எதற்குத் தெரியுமா? நான்கு இனக்குழுக்களின் கீழ்த்தாடை எலும்பை ஒப்பிட்டதற்கு. அவனுடைய தாடையையும் பல்லையும் மண்டையோட்டையும் இப்போது ஒரு சர்வதேசக் குழு பரிசோதித்தது. ஜெர்மானியர் ரிச்சர்ட் ஹெல்மர் மண்டையோட்டின் படத்தையும் மெங்கலேயின் புகைப்படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வீடியோவில் ஏற்றிக் காட்டினார். அந்தக் குழுவில் க்ளைட் ஸ்நோவும் இருந்தார். 1992-இல் மரபணுச் சோதனை உறுதிசெய்தது. குடும்பம் எலும்பைக் கேட்டு வரவில்லை. வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்துவிட்டு, சாவ் பாலோவில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பயன்பட்டது. உரிமை கோராத உடல்!

ஸ்நோ அந்த வருஷம் பிரேசிலுக்குப் போனது பக்கத்து நாட்டு வேலைக்கு நடுவில். அந்தப் பக்கத்து நாடு அர்ஜென்டினா. இந்தக் கட்டுரைக்கு அதுதான் மையம்.

அர்ஜென்டினாவில் 1976 மார்ச்சிலிருந்து 1983 வரை ராணுவ ஆட்சி. ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், போனவர்கள் வரவில்லை. 'காணாமல் போ' என்பது தன்வினை. அதைப் பிறவினையாக்கி, ஒருவரை இன்னொருவர் காணாமல் போக்கலாம் என்கிற இலக்கணத்தை ஸ்பானிஷ் அந்த வருஷங்களில் பழகிக்கொண்டது. ஈழத்தமிழ் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதிக்கொண்டதும் இதே தேவையால். நாவலாசிரியர் ஏர்னெஸ்தோ சபாதோ தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1984-இல் ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பேரை ஆவணப்படுத்தியது. மனித உரிமை அமைப்புகள் சொல்வது 30,000. 1984 தொடக்கத்தில் நீதிபதிகள் கல்லறைகளைத் தோண்ட உத்தரவிட்டார்கள். மண்வெட்டியும் இயந்திரமும் வைத்துத் தோண்டினார்கள். மண்டையோடுகள் நொறுங்கின, யாருடைய கை யாருடைய கால் என்று தெரியாமல் குவியலாக மூட்டைகட்டினார்கள். சாட்சியத்தை இரண்டாம் தடவையாக அழிக்கிற காரியம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த தாய்மார்களின் நிலையை நான் எழுத வேண்டியதில்லை.

விசாரணைக் குழுவும் பாட்டிமார் அமைப்பும் கேட்டு 1984 ஜூனில் அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்தது. மரபணுவியலாளர் மேரி-க்ளேர் கிங் உண்டு, ஸ்நோ உண்டு. தொழில்முறை ஆட்கள் தயங்கி ஒதுங்கிக்கொண்டார்கள். ராணுவம் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும் என்ற பயம் நியாயமானதுதான். வந்தவர்கள் மாணவர்கள். மானிடவியல், தொல்லியல், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த சிறு கூட்டம். தூரிகையும் சிறு கரண்டியும் வைத்து, தொல்லியல் முறையில் மண்ணை அடுக்கடுக்காக நீக்கி, ஒரு உடலை முழுசாக எடுப்பது எப்படி என்று ஸ்நோ அவர்களுக்குக் காட்டினார். அர்ஜென்டினத் தடயவியல் மானிடவியல் குழு அப்படித்தான் பிறந்தது. பின்னாளில் எல் சால்வதோரின் எல் மொசோத்தே கிராமத்திலும் பொலிவியாவில் செ குவேராவைத் தேடியதிலும் வேலை செய்தது இந்தக் குழுதான்.

இந்தக் குழுவிடம் எனக்குப் பிடித்தது அவர்கள் எலும்பிலிருந்து தொடங்காதது. முதலில் காகிதம். அரசு ஆட்களைக் காணாமல் ஆக்கியபோதும் அதன் குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்தவில்லை. தெருவில் கிடந்த பிணம் கல்லறைக்கு வந்தால் பேரேட்டில் ஒரு வரி. பெயருக்குப் பதில் 'என்.என்.', அதாவது பெயரில்லை. மருத்துவர் இறப்புச் சான்று எழுதுகிறார். போலீஸ்காரர் விரல்ரேகைகூட எடுக்கிறார். கைரேகையை வைத்துக் கொலைகாரரைக் கண்டுபிடித்த முதல் வழக்கு 1892-இல் இதே அர்ஜென்டினாவில் நடந்தது. பிரஜைகள் எல்லோருடைய ரேகையும் அரசின் கோப்பில் உண்டு. பிணத்தின் ரேகை ஒரு அலமாரியில், அதே மனிதர் உயிரோடு கொடுத்த ரேகை வேறொரு அலமாரியில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெயர் வந்துவிடும். வைக்கக்கூடாது என்பதுதான் அதிகாரம். அதிகாரத்தின் கோப்பையே அதற்கு எதிராக வாசிப்பது என்று நாம் இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதை அந்தப் பிள்ளைகள் தூசு தட்டிச் செய்தார்கள்.

காகிதத்துக்கு அடுத்தது பேச்சு. தாயிடம், சகோதரியிடம் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்பார்கள். சின்ன வயசில் எங்காவது விழுந்து கை ஒடிந்ததா? எந்தப் பல் இல்லை? நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வாரா? எந்தக் கையால் எழுதுவார்? பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பல் மருத்துவர் அட்டை, எக்ஸ்ரே எல்லாம் இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அம்மாவின் ஞாபகம்தான் எக்ஸ்ரே. மயிலாப்பூர்ப் பூம்பாவை கதை எனக்கு இங்கே ஞாபகம் வருகிறது. பாம்பு கடித்துச் செத்த மகளின் எலும்பையும் சாம்பலையும் சிவநேசர் குடத்தில் போட்டுக் கன்னிமாடத்தில் வைத்திருந்தார். சம்பந்தர் பதிகம் முழுக்க அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஊரில் நடக்கிற விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, பார்க்காமல் போகிறாயா என்று கேட்கிறார். அற்புதத்தை விட்டுத்தள்ளுங்கள். குடத்தில் இருப்பது யார் என்று அங்கே எவருக்கும் சந்தேகம் இல்லை; வைத்திருந்த அப்பன் இருக்கிறான், கூப்பிடப் பெயர் இருக்கிறது.

1985 ஏப்ரலில் ராணுவத் தலைவர்கள் மீதான வழக்கில் ஸ்நோ சாட்சி சொன்னார். படங்களைத் திரையில் காட்டினார். கர்ப்பிணியாக இருந்தபோது தூக்கிச்செல்லப்பட்ட ஒரு இளம்பெண்ணின் எலும்புகள். மண்டையோட்டில் துப்பாக்கிக் காயம். இடுப்பெலும்பில் பிரசவத்தின் தடம் என்று அவர் காட்டிய பள்ளம். கடைசிப் படம் அந்தப் பெண்ணின் சிரித்த முகம். அந்த டிசம்பரில் ஒன்பது தளபதிகளில் ஐந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள். இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இடுப்பில் இருக்கும் அந்தப் பள்ளம் பிரசவத்தால்தான் வருகிறது என்பது பிற்பாடு ஆட்டம் கண்டுவிட்டது. பிள்ளை பெறாத பெண்களிடமும் அது உண்டு, சில ஆண்களிடமும். ஆனால் அந்தப் பெண் முகாமில் பிள்ளை பெற்றதற்குப் பிழைத்து வந்தவர்களின் வாக்குமூலம் இருந்தது. பல வருஷம் கழித்து அந்தப் பிள்ளையும், மரபணு வழியாக, அடையாளம் காணப்பட்டது. எலும்பு தள்ளாடின இடத்தில் பேச்சு நின்றது.

எல்லாத் தாய்மார்களும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. எபே தெ போனாஃபினி தலைமையில் ஒரு பிரிவு தோண்டுவதையே எதிர்த்தது. பிள்ளைகளை உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு தாருங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. எலும்பை வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக அழுது அடக்கம் பண்ணிவிட்டு முடித்துக்கொள்ளும். கொன்றவர் யார் என்ற கேள்வி கரைந்துபோகும் என்று பயந்தார்கள். அடையாளமே ஒரு கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்கிற வாதம் இது. உணர்ச்சிவசம் என்று தள்ள முடியாது. 1986, 1987-இல் வந்த சட்டங்கள் வழக்குகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தன. 1989, 1990-இல் பொதுமன்னிப்பு. எலும்பு மட்டும் வந்துகொண்டிருந்தது, தண்டனை இல்லை. அந்தத் தாய்மார்கள் பயந்தது நடந்தது. ஆனாலும் நான் தோண்டியவர்கள் பக்கம். 2003-இல் நாடாளுமன்றமும் 2005-இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டங்களைத் தூக்கியெறிந்தபோது வழக்குக்குத் தேவையான சாட்சியம் எண் போட்ட பெட்டிகளில் தயாராக இருந்தது. மறுத்தவர்களின் கேள்வியும் தோண்டியவர்களின் பெட்டியும் சேர்ந்துதான் அந்த நாட்டில் நீதி திரும்ப நடமாடியது.

அவெயானேதா கல்லறையின் 134-ஆம் பகுதியில் 1988 முதல் 1992 வரை தோண்டி 300-க்கும் மேற்பட்டவர்களை எடுத்தார்கள். பெயர் கிடைத்தது விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே. இனங்காணல் முடிந்தது, அடையாளம் வரவில்லை. 2007-க்குப் பிறகு உறவினர்களின் ரத்தத்தைப் பெருமளவில் சேகரித்து மரபணுவோடு ஒப்பிடத் தொடங்கியதும்தான் பெயர்கள் வந்தன. மரபணுவும் பெயரை வைத்திருக்கவில்லை. ரத்தம் கொடுக்க ஓர் உறவு உயிரோடு இருந்து, வந்து கையை நீட்ட வேண்டும்.

இதையெல்லாம் நான் வாசித்துக்கொண்டிருந்தது செம்மணிச் செய்திகளுக்கு நடுவில். கிருசாந்தி கொலை வழக்கில் 1998-இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ராணுவச் சிப்பாய், செம்மணியில் 300-400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999-இல் தோண்டியபோது 15 பேர் கிடைத்தார்கள். அதோடு நின்றது. 2018-இல் மன்னாரில் சதொச கட்டிடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஆறு மாதிரிகள் அமெரிக்காவில் ஃப்ளோரிடா ஆய்வகத்துக்குப் போய், 2019-இல் பதில் வந்தது: 15-ஆம் நூற்றாண்டுக்கும் 18-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அதை ஏற்கவில்லை. கார்பன் கணக்கைத் தவறு என்று சொல்கிற அருகதை எனக்கு இல்லை. ஆனால் கவனியுங்கள், தாய்மார் கேட்டது 'யார்?' என்று, வந்தது 'எப்போது?' என்பதற்கான விடை. ஆறு துண்டு மொத்தக் குழிக்கும் வயசு சொல்லிவிட்டது. இனங்காணலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2025 பிப்ரவரியில் செம்மணியை ஒட்டிய சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டிட வேலைக்கு மண் எடுத்தபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற உத்தரவில் மே மாசம் அகழ்வு தொடங்கியது. அந்த வருஷம் செப்டம்பருக்குள் 200-க்கும் மேல். யாழ்ப்பாணப் பத்திரிகைகள் 'என்புத் தொகுதி' என்று எழுதுகின்றன. தமிழ் எம்.ஏ.வில் செய்யுளில் பார்த்ததோடு சரி என்று நான் நினைத்திருந்த 'என்பு' தினசரித் தலைப்புச் செய்தியில், பக்கத்தில் எண்ணோடு, வந்துகொண்டிருந்தது. ஆழமில்லாத குழிகள். தகனம் செய்கிற மயானத்தில், காடாற்றுக்கு மறுநாள் போய் எலும்பு பொறுக்குகிறவர்களின் இடத்தில், யாரும் பொறுக்க வராத எலும்பு. குழந்தைகளின் எலும்பும் உண்டு. முன்னால் நினைவில் வைக்கச் சொன்னேன்: அந்த வயசில் எலும்பு ஆணா பெண்ணா என்று சொல்லாது. பல் வயசைச் சொல்லும், அவ்வளவுதான்.

2025 ஆகஸ்டில் குழிகளில் கிடைத்த பொருட்களை நீதிமன்ற அனுமதியோடு மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். உடுப்புகள், செருப்பு, வளையல், பால் போத்தல், பொம்மை, பள்ளிக்கூடப் பை. எலும்பியல் தராத அடையாளத்தைப் பொருள் தருமா என்ற முயற்சி. பையைப் பார்த்து 'இது எங்கட பிள்ளையின்ர' என்று சொல்லக்கூடிய ஆள் வேண்டும். வீட்டோடு போனவர்களுக்கு அந்த ஆளும் குழிக்குள்தான் இருப்பார். மிச்சமிருப்பவர்களில் எத்தனையோ பேர் டொராண்டோவிலும் பாரீஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். படம் பார்க்கலாம், தொட்டுப் பார்க்க முடியாது. அர்ஜென்டினாவில் ரத்தம் கொடுக்க இலவசத் தொலைபேசி எண் வைத்தார்கள், நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் எடுத்தார்கள், வாங்கி வைத்திருந்தது அந்த மாணவர்கள் வளர்ந்து நடத்துகிற, அரசுக்கு வெளியே நிற்கிற ஒரு குழு, தாய்மார் நம்பினார்கள். டொராண்டோவில் இருக்கிற ஒரு சித்தப்பாவின் ரத்தம் சித்துப்பாத்திக்கு எந்த அலுவலகத்தின் வழியாக, யார் கையில் வந்து சேரும், அந்தக் கையை அவர் நம்பிக் கொடுப்பாரா?